மிதித்தால் ஏன் யோசிக்கிறது? பழைய எஸ்யூவியும் புதிய எஸ்யூவியும்: ஒரு வீட்டுச் சோதனை

கம்ப்யூட்டர் பத்திரிகையில் காருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இன்றைய எஸ்யூவியில் உங்கள் வலது காலுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது ஒரு கம்ப்யூட்டர்தான். நீங்கள் மிதிப்பது இன்ஜினை அல்ல, அந்தக் கம்ப்யூட்டரின் இன்புட் டிவைஸை. கீபோர்டு, மவுஸ் மாதிரி அதுவும் ஒன்று. ஆகவே இந்தக் கட்டுரை இங்கே வருவதில் தவறில்லை.

இதை எழுதக் காரணம் நாமக்கல்லில் இருக்கும் என் மாமா. இருபது வருடங்களுக்கும் மேலாக ஒரே டீசல் எஸ்யூவி வைத்திருப்பவர். டர்போ கிடையாது. ஆக்ஸிலேட்டருக்குக் கேபிள். ஏசி போட்டால் இன்ஜின் இறைக்கும். போன வருடம் புதிதாக ஓர் ஆட்டோமேட்டிக் எஸ்யூவி வாங்கினார். (எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. இந்தக் குணம் பல கம்பெனி வண்டிகளில் உண்டு.) வாங்கிய முதல் மாதமே அத்தையை அழைத்துக்கொண்டு கொல்லிமலைக்குப் போனார். அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் எதிரே பஸ் வர, ஓரம் கட்டி வழி விட்டிருக்கிறார். பஸ் போனதும் மிதித்தார். வண்டி அசையவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தார். அடுத்த கணம் வண்டி பாய்ந்துவிட்டது. பிரேக் பிடித்து நின்றபோது பம்பருக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. அத்தை அன்றோடு முன் சீட்டில் உட்காருவதை விட்டுவிட்டார்.

மறுநாள் எனக்கு போன் வந்தது. "மாப்ள, நீ கம்ப்யூட்டர் ஆளுதானே? மூளை கெட்டுப்போனது வண்டிக்கா, எனக்கான்னு பாத்துச் சொல்லு."

அவர் முன்னே இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, சில லட்சம் நஷ்டத்தில் புது வண்டியை விற்றுவிடுவது. இன்னொன்று, கார் அக்சஸரீஸ் கடைக்காரர் சொன்ன "பெடல் பாக்ஸ்" என்ற சின்னப் பெட்டியை வாங்கி மாட்டுவது. மாட்டினால் "பிக்கப் அள்ளும்" என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். இரண்டில் எதைச் செய்வதற்கு முன்பும் அளந்து பார்த்துவிடலாம் என்றேன்.

கேபிள் காலம்

முதலில் பழைய வண்டியைப் பார்ப்போம். 1985-ல் வந்த மாருதி ஜிப்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் இன்ஜின், கார்புரேட்டர். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு கேபிள் இழுபடும். கேபிளின் மறுமுனையில் கார்புரேட்டருக்குள் ஒரு வட்டத் தகடு திரும்பும். இதற்கு பட்டர்ஃபிளை வால்வு என்று பெயர். தகடு திறந்தால் காற்று போகும், காற்றோடு பெட்ரோலும் போகும். அவ்வளவுதான். நடுவில் யாரும் இல்லை.

டீசலில் இந்தத் தகட்டைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. அங்கே கேபிள் டீசல் பம்பின் லீவரை இழுக்கும். பம்புக்குள் இருக்கும் கவர்னர் அதற்கேற்ப ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசலின் அளவைக் கூட்டும். நான்கு சிலிண்டர் இன்ஜின் 1500 ஆர்பிஎம்மில் ஓடும்போது நொடிக்கு 50 முறை டீசல் தெளிக்கப்படுகிறது. அதாவது 20 மில்லி நொடிக்கு ஒரு முறை. நீங்கள் மிதித்த பிறகு வரும் முதல் தெளிப்பிலேயே உங்கள் கால் சொன்னது இன்ஜினுக்குக் கேட்டுவிடும்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. பெட்ரோல் இன்ஜின் குறைந்த வேகத்தில் ஓடும்போது அந்தத் தகடு பாதி திறந்தாலே போதும், இன்ஜினுக்கு வேண்டிய காற்றில் பெரும்பகுதி போய்விடும். அதாவது பெடலின் முதல் பாதியிலேயே கிட்டத்தட்ட முழுச் சக்தியும் வந்துவிடும். மீதிப் பாதியில் சத்தம்தான் கூடும். பழைய வண்டி "தொட்டாலே கிளம்புது" என்று நாம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வண்டியிடம் இருப்பது கொஞ்சம். அதை அது முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது.

மிதி என்பது இப்போது ஒரு மனு

புதிய வண்டியில் கேபிள் கிடையாது. ஆக்ஸிலேட்டர் பெடலில் இரண்டு சென்சார்கள் உண்டு. ஒவ்வொன்றும் நீங்கள் எவ்வளவு மிதித்தீர்கள் என்பதை 5 வோல்ட்டுக்குள் ஒரு மின்னழுத்தமாகச் சொல்லும். பல வண்டிகளில் ஒரு சென்சாரின் அளவு மற்றதைப் போல் இரு மடங்காக இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று கம்ப்யூட்டர் ஓயாமல் சரிபார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் டாஷ்போர்டில் விளக்கு எரியும், வண்டி ஊர்ந்து வீடு சேரும் அளவுக்கு மட்டும் சக்தி கிடைக்கும். கார்களில் இந்த முறையை முதலில் கொண்டுவந்தவற்றில் ஒன்று 1987-ல் வந்த பிஎம்டபிள்யூ 750. பிறகு எல்லாக் கம்பெனிகளும் இதற்கு வந்துவிட்டன.

இந்தக் கம்ப்யூட்டரை ஈ.சி.யு. என்பார்கள். கேபிள் கட்டளை இட்டது. சென்சார் மனு கொடுக்கிறது. "ஐயா, ஓட்டுநர் 40 சதவிகிதம் மிதித்திருக்கிறார்" என்று மனு போகும். ஈ.சி.யு. தன்னிடம் உள்ள ஓர் அட்டவணையைப் பார்த்து, "இந்த வேகத்தில், இந்தக் கியரில், 40 சதவிகிதம் என்றால் இவ்வளவு இழுவிசை" என்று முடிவு செய்யும். இழுவிசை என்று நான் சொல்வது டார்க். பிறகு அந்த டார்க்கைத் தரலாமா என்று பலரிடம் கேட்கும். காற்றை அளக்கும் சென்சார், கியர்பாக்ஸ், சக்கரம் வழுக்குகிறதா என்று பார்க்கும் பிரிவு எல்லாம் ஒப்புக்கொண்ட பிறகே டீசல் போகும்.

நம் ஊர்ச் சாலையில் இந்த மாற்றத்தை ஒரே பெயரில் பார்க்கலாம். 2002-ல் வந்த முதல் மஹிந்திரா ஸ்கார்பியோ டீசல், காமன் ரெயில் இல்லாதது. சில வருடங்களில் அதே 2.6 லிட்டர் இன்ஜினுக்கு காமன் ரெயில் வந்தது. 2008-ல் எம்ஹாக் இன்ஜின் வந்தது. 2022-ல் வந்த ஸ்கார்பியோ-என் டீசலின் உயர் ரகங்களில் ஜிப், ஜாப், ஜூம் என்று மூன்று டிரைவ் மோடுகள். இன்ஜின் ஒன்றுதான், கால் ஒன்றுதான். மூன்று விதமாக நடந்துகொள்கிறது. கேபிள் வைத்த வண்டியில் இதை நினைத்தே பார்க்க முடியாது. உலக அளவில் பார்த்தால், லேண்ட் ரோவர் 2004-ல் டிஸ்கவரி 3-ல் கொண்டுவந்த டெரைன் ரெஸ்பான்ஸ் என்ற வசதி இதையே செய்தது. மணல் என்று திருப்பினால் பெடல் சுறுசுறுப்பாகும், பாறை என்று திருப்பினால் மந்தமாகும். பாறை மேல் ஏறும்போது பெடல் மந்தமாக இருப்பதுதான் நல்லது. கால் குலுங்கும்போதெல்லாம் வண்டி எகிறினால் என்ன ஆகும்?

கம்ப்யூட்டர் ஸ்லோவா?

மாமா கேட்ட முதல் கேள்வி இது. "என் ஆபீஸ் சிஸ்டம் மாதிரி இதுவும் ஹேங் ஆகுதா?"

இல்லை. ஈ.சி.யு. மில்லி நொடிகளில் கணக்குப் போடுவது. பெட்ரோல் வண்டியில் மோட்டாரால் திறக்கும் தகடுகூட மூடிய நிலையிலிருந்து முழுவதும் திறக்க ஏறத்தாழ பத்தில் ஒரு நொடிதான் எடுக்கும். அப்படியானால் அந்த அரை நொடி, ஒரு நொடித் தயக்கம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி வேண்டுமென்றே வைக்கப்பட்டது. மீதி, காற்றுக்காகக் காத்திருப்பது.

வேண்டுமென்றே வைத்தது ஏன் என்று பார்ப்போம். எஸ்யூவியில் இன்ஜினிலிருந்து சக்கரம் வரை நீளமான பாதை. கியர்பாக்ஸ், புரொபெல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் எல்லாவற்றிலும் பல்லுக்குப் பல் கொஞ்சம் இடைவெளி இருக்கும். டார்க்கை ஒரே அடியில் கொடுத்தால் இந்த இடைவெளி எல்லாம் ஒரே சமயத்தில் மூடி "டொக்" என்று ஓர் அடி விழும். அதற்குப் பிறகு வண்டி முன்னும் பின்னுமாகக் குலுங்கும். பழைய ஜீப்பில் போனவர்களுக்கு இந்த அடி பழக்கமானது. புதிய வண்டியில் சாப்ட்வேர் முதலில் கொஞ்சமாகக் கொடுத்து இடைவெளியை மூடிவிட்டு, பிறகு மீதியைக் கொடுக்கிறது. அந்த "முதலில் கொஞ்சம்" தான் உங்களுக்குத் தயக்கமாகத் தெரிகிறது.

அடுத்தது புகை. பழைய டீசல் லாரியை மிதித்தால் பின்னால் கறுப்புப் புகை கக்கும். டீசல் வந்துவிட்டது, அதை எரிக்கும் காற்று போதவில்லை என்று அதற்கு அர்த்தம். (டர்போ வைத்த பழைய பம்புகள் பலவற்றில் காற்றழுத்தத்தைப் பார்த்து டீசலைத் தடுக்கும் ஒரு டயஃப்ரம் இருந்தது. அதைத் திருகி விட்டு "பிக்கப்" ஏற்றித் தரும் மெக்கானிக்குகளும் இருந்தார்கள்.) 2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் வண்டிகளுக்கு பி.எஸ்.6 விதி வந்துவிட்டது. அந்தப் புகைக்கு அதில் இடமே இல்லை. ஈ.சி.யு. முதலில் எவ்வளவு காற்று உள்ளே வருகிறது என்று அளக்கும். அந்தக் காற்றுக்கு ஏற்ற டீசலை மட்டும் விடும். காற்றைத் தள்ளுவது டர்போ. டர்போவைச் சுழற்றுவது இன்ஜின் விடும் புகைக்காற்று. இன்ஜின் மெதுவாக ஓடும்போது அது போதாது. ஆகவே முதலில் கொஞ்சம் டீசல், கொஞ்சம் வேகம், அதனால் கொஞ்சம் காற்று, அதனால் இன்னும் கொஞ்சம் டீசல் என்று படிப்படியாகத்தான் ஏற முடியும். இதுதான் டர்போ லேக். எந்தப் பெட்டியை மாட்டினாலும் காற்று முன்கூட்டி வராது.

மூன்றாவது, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். மிதித்ததும் எந்தக் கியருக்கு இறங்குவது என்று அது முடிவெடுக்க வேண்டும். ஏற்றத்தில் நிற்கும்போது பின்னால் உருளாமல் பிரேக்கைப் பிடித்து வைக்கும் ஹில் ஹோல்டு வசதியும் விட்டுக்கொடுக்க வேண்டும். சில வண்டிகளில் நின்றதும் இன்ஜினே அணைந்துவிடும். அது மறுபடி ஸ்டார்ட் ஆக வேண்டும்.

கொல்லிமலை வளைவில் இவையெல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. ஆனால் ஆபத்து தயக்கத்தால் வரவில்லை, இரண்டாவது மிதியால் வந்தது. டெஸ்க்டாப்பில் ஒரு புரோகிராமை டபுள் கிளிக் செய்கிறோம். திறக்கவில்லை. பொறுமை இல்லாமல் இன்னும் மூன்று முறை டபுள் கிளிக் செய்கிறோம். கொஞ்ச நேரத்தில் நான்கு விண்டோ திறந்து நிற்கும். மாமா செய்தது அதுதான். முதல் மனுவுக்குப் பதில் வருவதற்குள் இன்னொரு பெரிய மனு போட்டுவிட்டார். இரண்டும் சேர்ந்து சாங்ஷன் ஆகிவிட்டன.

சாவிக்கொத்துச் சோதனை

சரி, அளப்பது எப்படி? பழைய வண்டியில் கம்ப்யூட்டரே இல்லை. எனவே இரண்டு வண்டிக்கும் பொதுவான ஒரு முறை வேண்டும். செலவில்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஸ்லோ மோஷன் வீடியோ எடுக்கும் செல்போன், ஒரு சாவிக்கொத்து, கொஞ்சம் நூல், இவை போதும்.

சாவிக்கொத்தை நூலில் கட்டி, நடுக் கன்சோலின் பக்கவாட்டில், இடது சீட்டுப் பக்கம் தொங்கவிடுங்கள். ஓட்டுபவர் கால் பக்கம் எந்தக் காரணத்துக்காகவும் வரக்கூடாது. இடது சீட்டில் இருப்பவர் குனிந்து, ஆக்ஸிலேட்டர் பெடலும் சாவிக்கொத்தும் ஒரே படத்தில் தெரியும்படி எடுக்க வேண்டும். உள்ளே இருட்டாக இருக்கும், ஒரு டார்ச் வையுங்கள். வண்டி வேகமெடுத்ததும் சாவிக்கொத்து பின்னால் சாயும். கால் நகர்ந்த படத்திலிருந்து சாவி நகர்ந்த படம் வரை எத்தனை பிரேம் என்று எண்ணினால் தாமதம் கிடைத்துவிடும். 120 பிரேம் வீடியோவில் ஒரு பிரேம் என்பது ஏறத்தாழ 8 மில்லி நொடி. 240 பிரேமில் 4 மில்லி நொடி.

சில போன்கள் 240 என்று சொல்லிவிட்டு, இடையிடையே இல்லாத படங்களைத் தாமாகவே வரைந்து நிரப்பிவிடும். எனவே முதலில் கம்ப்யூட்டரில் ஒரு ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு அதைப் படம் எடுங்கள். ஒரு நொடிக்கு எத்தனை பிரேம் வருகிறது, எண்கள் மாறும் இடத்தில் பல பிரேம்களில் மங்கலாக ஒன்றோடொன்று கலந்து தெரிகிறதா என்று பாருங்கள். வீடியோவைக் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்து விஎல்சி பிளேயரில் திறந்து, பாஸ் செய்துவிட்டு, கீபோர்டில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு பிரேம் நகரும்.

சாவிக்கொத்து கண்ணுக்குத் தெரியும் அளவு நகர அதற்கே கொஞ்சம் நேரம் ஆகும். அதுவும் இழுவை குறைந்த வண்டியில் சற்றுக் கூடுதலாகவே ஆகும். ஆகவே கிடைப்பது துல்லியமான எண் அல்ல. ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

இடம் முக்கியம். ரோட்டில் செய்யாதீர்கள். அனுமதி வாங்கி, ஆளில்லாத, சமதளமான தனியார் இடத்தில் செய்யுங்கள். எங்களுக்கு மாமாவின் நண்பர் ஒருவரின் லாரி நிறுத்தும் இடம் ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடைத்தது. இன்ஜின் சூடாகி இருக்க வேண்டும். ஏசி அணைந்திருக்க வேண்டும். இரண்டு வண்டியும் இரண்டாவது கியரில், 1500 ஆர்பிஎம்மில் சீராகப் போகும்போது ஒரே மிதியாகத் தரை வரை மிதிக்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கை மேனுவல் மோடில் போட்டுக் கியரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதையே 2500 ஆர்பிஎம்மில். பிறகு பாதி மிதியில். ஒவ்வொன்றையும் ஐந்து முறை செய்து நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் சேர்த்து மிதித்துப் பார்க்கும் சோதனை வேண்டாம். புதிய வண்டிகளில் பிரேக் மிதித்தால் ஈ.சி.யு. சக்தியைக் குறைத்துவிடும். சோதனையும் கெடும், பிரேக்கும் கெடும்.

வண்டியின் வேகமெடுப்பை முழு வரைபடமாகப் பார்க்க விரும்புபவர்கள், ஜெர்மனியின் ஆகென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வெளியிட்டுள்ள ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப்பை இன்ஸ்டால் செய்யலாம். அதில் புவியீர்ப்பு நீங்கலான ஆக்ஸிலரேஷன் என்ற சோதனையைத் திறந்து, போனைத் தரையில் படுக்க வைத்து, மேல்பகுதி வண்டியின் முன்பக்கம் பார்க்கும்படி அசையாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒய் அச்சில் வருவதுதான் வண்டியின் முன்னோக்கிய வேகமெடுப்பு. முடிந்ததும் எக்ஸ்போர்ட் கொடுத்தால் எக்செல் பைலாகவோ சி.எஸ்.வி. பைலாகவோ கிடைக்கும்.

நாங்கள் பார்த்தது

1500 ஆர்பிஎம்மில் மாமாவின் பழைய வண்டிக்குத்தான் வெற்றி. கால் போன கையோடு சாவிக்கொத்தும் போனது. புதிய வண்டியில் கால் தரையைத் தொட்டுவிட்டது, சாவி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, பிரேம்களை எண்ணி எண்ணி என் விரல் வலித்தது. மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

2500-ல் அந்தச் சிரிப்பு போய்விட்டது. டர்போ ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்ததால் இரண்டு வண்டிக்கும் இருந்த வித்தியாசம் எங்கள் எண்ணிக்கைப் பிழைக்குள் அடங்கிவிட்டது. ஃபைஃபாக்ஸ் வரைபடத்தில் இன்னொன்றும் தெரிந்தது. பழைய வண்டியின் கோடு சட்டென்று ஏறி, தாழ்வான ஓர் உயரத்தில் தட்டையாகிவிட்டது. புதியதின் கோடு தாமதமாகக் கிளம்பி, அதைத் தாண்டி வெகு உயரம் போனது.

டிரைவ் மோடை ஸ்போர்ட்டுக்கு மாற்றியபோது பாதி மிதியில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் முழு மிதியில் சாதாரண மோடுக்கும் ஸ்போர்ட்டுக்கும் சொல்லும்படியாக வித்தியாசம் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெடல் பாக்ஸ் விஷயத்தில் தேவைப்படும்.

மனுவும் சாங்ஷனும்

புதிய வண்டிக்கு மட்டும் இன்னொரு வழி உண்டு. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். அதில் ஈ.எல்.எம்.327 வகை புளூடூத் டாங்கிளைச் செருகி, கார் ஸ்கேனர் போன்ற ஓர் ஆப்பை போனில் திறந்தால் ஈ.சி.யு. என்ன நினைக்கிறது என்று நேரடியாகவே படிக்கலாம். மூன்றே அளவுகளைத் தேர்ந்தெடுங்கள்: ஆக்ஸிலேட்டர் பெடல் பொசிஷன், டிரைவர் டிமாண்ட் டார்க், ஆக்சுவல் டார்க். நிறைய அளவுகளைக் கேட்டால் மலிவான டாங்கிள் திணறும், ஒவ்வொன்றும் எப்போதோ ஒரு முறைதான் வரும். எல்லா வண்டிகளும் இந்த மூன்றையும் தருவதில்லை. உங்கள் வண்டி தருகிறதா என்று ஆப்பிலேயே தெரிந்துவிடும்.

பதிவான சி.எஸ்.வி. பைலை எக்செல்லில் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறந்து, இன்செர்ட் மெனுவில் சார்ட் போய் எக்ஸ்-ஒய் ஸ்கேட்டர் வகையைத் தேர்வு செய்யுங்கள். கிடைமட்டத்தில் நேரம். மூன்று கோடுகள் வரும். பெடல் கோடு சுவர் மாதிரி செங்குத்தாக ஏறும். டிமாண்ட் டார்க் அதற்குப் பின்னால் சாய்வாக ஏறும். ஆக்சுவல் டார்க் அதற்கும் பின்னால் வரும். பொதுவாக முதல் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருப்பது சாப்ட்வேர் வைத்த தயக்கம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் காற்றுக்காகக் காத்திருப்பது. வேலை முடிந்ததும் டாங்கிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். செருகியே வைத்தால் பேட்டரியைத் தின்னும். பாஸ்வேர்டு இல்லாத புளூடூத் கதவு ஒன்றை வண்டியில் திறந்து வைப்பதும் நல்லதல்ல.

இப்போது பெடல் பாக்ஸுக்கு வருவோம். அது பெடல் சென்சாருக்கும் ஈ.சி.யு.வுக்கும் நடுவில் மாட்டுவது. நீங்கள் 30 சதவிகிதம் மிதித்தால் "60 மிதித்தார்" என்று ஈ.சி.யு.விடம் கூட்டிச் சொல்லும். விண்டோஸில் மவுஸ் பிராப்பர்ட்டீஸ் போய் பாயிண்டர் ஆப்ஷன்ஸில் பாயிண்டர் ஸ்பீடைக் கூட்டியிருக்கிறீர்களா? கையை அரை அங்குலம் நகர்த்தினால் அம்புக்குறி ஸ்கிரீனின் மறுகோடிக்கு ஓடும். கம்ப்யூட்டர் வேகமானது போல ஒரு பிரமை. ஆனால் பிராசசர் அதேதான். பெடல் பாக்ஸும் அப்படித்தான். 100 சதவிகித மிதியை 110 ஆக்க அதனால் முடியாது. முழு மிதியில் அது வெறும் பெட்டி. டர்போவுக்காகக் காத்திருக்கும் இரண்டாவது இடைவெளியைத் தொடவும் முடியாது. அதோடு, மெதுவாக ஊர்ந்து போக வேண்டிய கொண்டை ஊசி வளைவில் அது தரும் கூர்மை, மாமாவின் இரண்டாவது மிதியை இன்னும் பெரிதாக்கும். வாரண்டி பற்றிய தகராறு தனி. டிரைவ் மோடு பட்டன் ஏற்கெனவே வண்டியில் இருக்கும்போது இதற்குப் பணம் கொடுப்பது வீண் என்பது என் கருத்து.

கால் சொல்வதும் கணக்கு சொல்வதும்

எந்த வண்டி வேகம்? கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். 60-லிருந்து 90 கிலோமீட்டர் வேகத்துக்குப் போக வேண்டும். பழைய வண்டி நொடிக்கு 1 மீட்டர் வீதம் வேகத்தைக் கூட்டுகிறது, தயக்கமே இல்லை. புதியது நொடிக்கு 1.6 மீட்டர் வீதம், ஆனால் அரை நொடி தயங்குகிறது. பழையதற்கு 8.3 நொடி ஆகும். புதியதற்குத் தயக்கத்தையும் சேர்த்து 5.7 நொடி. புதியது இரண்டரை நொடி முன்னால். ஆனால் நம் கால் முதல் அரை நொடியிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறது.

அதற்காக அந்த அரை நொடியை அலட்சியம் செய்யவும் முடியாது. இருவழிச் சாலையில் நீங்கள் 80-ல் போகிறீர்கள், எதிரே வருபவரும் 80-ல் வருகிறார் என்றால் அரை நொடியில் நடுவில் உள்ள இடைவெளி 22 மீட்டர் சுருங்கிவிடும். ஒன்றோடொன்று முட்டி நிற்கும் இரண்டு பஸ்களின் நீளம். பழைய வண்டியின் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு புதிய வண்டியில் ஓவர்டேக் செய்பவர் இந்த 22 மீட்டரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வழி: முந்த நினைத்ததும் பின்னாலேயே கியரைக் குறைத்து ஆர்பிஎம்மை 2000-க்கு மேல் கொண்டுவந்துவிட வேண்டும், வெளியே எட்டிப் பார்ப்பது அதற்குப் பிறகு. நின்று கிளம்பும் இடத்தில் கால்வாசி மிதித்துவிட்டு அப்படியே வைத்திருக்க வேண்டும், வண்டி நகரத் தொடங்கிய பிறகுதான் அடுத்த மிதி. இன்ஜின் தானாக அணையும் வசதி இருந்தால் மலைப்பாதையில் அதை ஆஃப் செய்துவிடலாம்.

செகண்ட் ஹேண்டில் எஸ்யூவி வாங்கப் போகிறவர்கள் டெஸ்ட் டிரைவில் இதையும் பாருங்கள். வழக்கமாக எல்லோரும் காலி ரோட்டில் முழு மிதி கொடுத்துப் பார்த்துத் திருப்தி அடைவார்கள். அதைவிட, ஏற்றத்தில் நிறுத்தி, ஏசி போட்டு, நாலு பேரை உட்கார வைத்து, கால்வாசி மிதியில் கிளப்பிப் பாருங்கள். தயக்கம் சீராக ஒரே மாதிரி இருந்தால் அது சாப்ட்வேரின் குணம், பழகிவிடும். ஒரு முறை சட்டென்று, ஒரு முறை வெகு தாமதமாக என்று மாறி மாறி வந்தால் டர்போ ஹோஸ் கசிவு, ஏர் ஃபில்டர் அடைப்பு, சென்சார் கோளாறு என்று ஏதோ இருக்கிறது. அதை டாங்கிளோடு ஒரு மெக்கானிக்கிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மின்சார எஸ்யூவிகளில் காற்றுக்காகக் காத்திருப்பது என்பதே இல்லை. மோட்டார் சில மில்லி நொடியில் பதில் சொல்லிவிடும். அங்கேயும் சாப்ட்வேர் வேண்டுமென்றே பெடலை மழுக்கித்தான் வைத்திருக்கிறது. இல்லாவிட்டால் ஒவ்வொரு சிக்னலிலும் பின் சீட்டில் இருப்பவர் தலை சீட்டில் இடிக்கும்.

மாமா புது வண்டியை விற்கவில்லை. பெட்டியும் வாங்கவில்லை. அடுத்த மாதம் இரண்டு வண்டிகளையும் கொல்லிமலைக்கு ஏற்றிப் பார்த்தோம். மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறையும், 1000 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். டர்போ இல்லாத பழைய வண்டி கடைசி வளைவுகளில் முதல் கியரில் முக்கியபடி வந்தது. புதியது முன்னால் போய்க் காத்திருந்தது. அத்தை அதில்தான் வந்தார், பின் சீட்டில்.